கொத்தாத பெயர்

சளப்... சளப்... சளப்...

வற்றிப்போன சேற்றில் மீன்கள் வாலடிக்கும் சத்தம் அது. பள்ளக்குளம் காய்ந்த கோடையில், கரை மரத்தில் குடியிருந்த தச்சி என்ற மரங்கொத்தி மூன்று நாள் அதைக் கேட்டாள். முதல் நாள் மழை பிடித்துக்கொண்டது போலிருந்தது. இரண்டாம் நாள் விட்டுவிட்டுக் கேட்டது. மூன்றாம் நாள் ஒரு சளப். வெகுநேரம் கழித்து இன்னொரு சளப். பிறகு ஒன்றுமில்லை.

எத்தனையோ மழைக்காலம் போன பிறகும் தச்சி அந்தச் சத்தத்தை மறக்கவில்லை. அவள் பின்னால் செய்த நல்லதற்கும் கெட்டதற்கும் அதுதான் காரணம்.

அந்தக் காட்டில் மூன்று குளங்கள் இருந்தன. மூன்றுக்கும் ஒரே ஓடை. மேலே மேட்டுக்குளம்; அங்கே நீர்நாய்கள். நடுவில் நாணற்குளம், அங்கே கூழைக்கடாக்கள். கீழே பள்ளக்குளம், அங்கே ஆமைகளும் தவளைகளும்.

மழை குறைந்த அந்த வருஷம் மேட்டுக்குளத்தார் ஓடையைச் சேறு வைத்து அடைத்தார்கள். "எங்க தண்ணி எங்களுக்கு!" என்றார்கள். அதையும் மீறிக் கசிந்து வந்ததை நாணற்குளத்தார் அடைத்தார்கள். "எங்களுக்கே பத்தலை!" என்றார்கள். பள்ளக்குளத்தார் யாரை அடைப்பது? அவர்களுக்குக் கீழே வெறும் பாறைதான் இருந்தது.

அடுத்த மழையில் மூன்று குளமும் நிறைந்தன. நிறைந்த வயிற்றோடு யோசிக்க எல்லாராலும் முடிந்தது. "தனித்தனியா இருந்தா இன்னொரு கோடை தாங்காது. மூணு குளமும் ஒண்ணாச் சேரணும். ஒரு பொதுச்சபை வேணும். நாலு விஷயத்தை எல்லாரும் ஒத்துக்கணும்" என்று பேச்சு எழுந்தது.

ஓடை வளைவில் ஒரு பட்டுப்போன மருதமரம் நின்றது. அதன் அடியில் கூடினார்கள். மேட்டுக்குளத்திலிருந்து சறுக்கன் என்ற நீர்நாய் வந்தான். ஈரக் கரையைக் கண்டால் சறுக்கி விளையாடாமல் அவனால் இருக்க முடியாது. அதனால் அந்தப் பெயர். நாணற்குளத்திலிருந்து தொங்கலார் என்ற கூழைக்கடா வந்தார். அவருடைய தொண்டைப் பைதான் அந்தக் காட்டிலேயே பெரியது. பள்ளக்குளத்திலிருந்து மெத்தனார் என்ற ஆமை வந்தார். அவர் வந்து சேர இரண்டு நாள் பிடித்தது.

பேசியதை வாயில் வைத்திருந்தால் மாறிவிடும். மரத்தில் கொத்தி வைத்தால் நிற்கும். அதற்குத் தச்சியைக் கூப்பிட்டார்கள். அவள் எந்தக் குளத்துக்கும் சொந்தமில்லாதவள். அவள் அலகு நேராகக் கொத்தும். அதைவிட, எந்தப் பேச்சையும் நறுக்கென்று நாலு வார்த்தையில் அடக்க அவளுக்குத் தெரியும்.

முதலில் எல்லாம் சுலபமாகவே நடந்தது. ஓடையை எந்தக் குளமும் அடைக்கக் கூடாது. நரியை முதலில் பார்த்தவர் மூன்று குளத்துக்கும் கேட்கும்படி கூவ வேண்டும். குளத்துக்கும் குளத்துக்கும் சண்டை வந்தால் பொதுச்சபை தீர்க்க வேண்டும். தச்சி கொத்தினாள்.

"மத்ததெல்லாம்?" என்று கேட்டார் மெத்தனார்.

"மத்ததெல்லாம் அவங்கவங்க குளத்துப் பாடு!" என்றான் சறுக்கன். "நான் என் கரையில சறுக்கலாமா வேண்டாமான்னு நீங்க வந்து முடிவு பண்ணக் கூடாது பாருங்க, பெரியவரே!"

"நீ சறுக்குறதைத் தடுக்க நான் கிளம்பினா, வந்து சேர்றதுக்குள்ள உனக்குப் பேரப்பிள்ளை பொறந்திருக்கும்ப்பா" என்றார் மெத்தனார்.

எல்லாரும் சிரித்தார்கள். தச்சியும் சிரித்துக்கொண்டே மரத்தில் கொத்தினாள்:

'மரத்தில் கொத்தியது மூன்று குளத்துக்கும் பொது. கொத்தாதது அந்தந்தக் குளத்துக்கே.'

கொத்தி முடித்து அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கே பிடித்திருந்தது. பிற்பாடு எதையாவது மாற்ற வேண்டுமானால் மூன்றில் இரண்டு குளம் சம்மதித்தால் போதும் என்றும் கொத்தினாள். அதற்குத் தொங்கலார் தலையாட்டினார். பள்ளக்குளத்துக்குத் தண்ணீர் தன் குளத்தின் வழியாகத்தான் போக வேண்டும், அதனால் அது தன்னை மீறிச் சம்மதிக்காது என்பது அவருக்குத் தெரியும்.

சிக்கல் மறுநாள் வந்தது. சபையில் யாருக்கு எத்தனை இடம்?

"ஐம்பது தலைக்கு ஓர் இடம்" என்று முடிவாயிற்று. மேட்டுக்குளத்துக்கு நான்கு. பள்ளக்குளத்துக்கும் நான்கு. நாணற்குளத்தில் கூழைக்கடாக்கள் ஐம்பதுதான். ஓர் இடம்!

தொங்கலாரின் பை சிவந்தது. "எங்க குளத்துல முக்குளிப்பான் முந்நூறு இருக்கு! அதை ஏன் எண்ணலை?"

முக்குளிப்பான்கள் கைக்குள் அடங்கும் சின்னப் பறவைகள். தண்ணீருக்குள் மூழ்கி, அடிவரை போய் மீன் பிடிக்கும். கூழைக்கடாக்களுக்கு மேலே வரும் மீனை அள்ளத் தெரியும். ஆழத்துக்குப் போக அவற்றின் உடம்பு இடம் கொடுக்காது. அதனால் முக்குளிப்பான்களின் கூடுகளையெல்லாம் நாணல் நடுவே சேர்த்து, சுற்றிலும் இளம் கூழைக்கடாக்களைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். மீன் கொண்டுவந்தால் தாய் தன் கூட்டுக்குப் போகலாம். கொண்டுவராவிட்டால் போக முடியாது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை முக்குளிப்பான்கள் மூழ்கிக்கொண்டே இருந்தன.

"சரி, எண்ணலாம்" என்றான் சறுக்கன். "அப்போ சபையில அவங்களும் வந்து பேசுவாங்களா?"

"பேசுறதா? அதுங்களுக்கு மூச்சு விடவே நேரமில்லை!" என்று தொங்கலார் சிரித்தார்.

"பேசாத வாய்க்கு எதுக்கய்யா தலைக்கணக்கு?"

தொங்கலார் சிரிப்பதை நிறுத்தினார். "எண்ணலைன்னா நாங்க சேரலை. ஓடை எங்க குளத்து வழியாத்தான் கீழே போகுது. அடைக்க எங்களுக்கு ஒரு நாள் போதும். ஞாபகம் இருக்கட்டும்!"

மெத்தனார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். தச்சியின் காதில் அந்தச் சளப் சத்தம் கேட்டது. "எண்ணிடலாம்" என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

ஆனால் முக்குளிப்பானை எண்ணுவது எப்படி? எண்ணத் தொடங்கினால் பாதி நீருக்குள் இருக்கும். மேலே வந்தவற்றை எண்ணுவதற்குள் மற்றப் பாதி உள்ளே போய்விடும். எண்ணிக்கை நாளன்று தொங்கலார் ஒரு தந்திரம் செய்தார். "இன்னைக்கு யாரும் மூழ்க வேண்டாம்! எல்லாரும் மேலேயே மிதங்க!" என்று உத்தரவு போட்டார். பிறந்ததிலிருந்து ஒரு நாள் ஓய்வு அறியாத பறவைகள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மிதந்தன.

சறுக்கன் குதித்தான். "இது அழுகுணி ஆட்டம்! வருஷம் பூரா முங்கறவங்க இன்னைக்கு மட்டும் மிதக்கிறாங்களே!"

சண்டை முற்றியது. அப்போது தச்சி ஒரு வழி சொன்னாள். "யாரும் யாருக்கும் உத்தரவு போட வேண்டாம். எப்பவும் போல வேலை நடக்கட்டும். நான் ஒரு தடவை தட்டுவேன். அந்தத் தட்டு விழும்போது எந்தத் தலை மேலே தெரியுதோ, அது கணக்கு. தெரியாதது கணக்கில்லை."

இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. தச்சி கரையிலிருந்த கட்டையில் ஒரு தட்டு தட்டினாள். நூற்றைம்பது தலை தெரிந்தது. சரியாகப் பாதி.

அவள் தட்டி ஓய்ந்த மறுகணம், கட்டையின் அருகே தண்ணீர் கொப்பளித்தது. வாயில் ஒரு கெண்டைக் குஞ்சோடு ஒரு முக்குளிப்பான் மேலே வந்தாள். அவள் பெயர் குமிழி.

"அக்கா, என்னை எண்ணியாச்சா?"

"இல்லை. நீ உள்ளே இருந்தே."

"அப்போ நான் இல்லையா?"

"உனக்குப் பக்கத்துல இருந்தவனை எண்ணியிருக்கேன். அது உனக்கும் சேர்த்துத்தான்."

குமிழி சிரித்தாள். "அவன் என் அக்கா மகன். அவன் தலை பெருசுதான், ரெண்டு பேருக்குக் காணும். ஆனா எனக்குச் சபையில ஒரு வார்த்தை சொல்லணும். அதை அவன் சொல்ல மாட்டானே! அவனுக்குப் பயம்."

"என்ன சொல்லணும்?"

"எங்க கூட்டை எங்ககிட்டயே விடணும்னு. அவ்வளவுதான். அதோட இன்னொண்ணும்..."

"முதல்ல சபை நிக்கட்டும் குமிழி" என்று தச்சி அவசரமாகக் குறுக்கிட்டாள். தொங்கலார் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அது நின்னுட்டா எல்லாம் தானா சரியாகும்."

"சரிக்கா" என்றாள் குமிழி. அந்த இன்னொன்று என்னவென்று தச்சி கேட்கவில்லை. குமிழியும் மீனைக் கொடுக்கப் போய்விட்டாள்.

நாணற்குளத்துக்கு நான்கு இடம் கிடைத்தது. நான்கிலும் கூழைக்கடாக்களே உட்கார்ந்தார்கள்.

கடைசி நாளன்று தொங்கலார் மறுபடியும் பையை அசைத்தார். "இன்னும் ஒண்ணு பாக்கி. எங்க முக்குளிப்பான் ஓடை வழியா ஓடி உங்க குளத்துக்கு வந்தா? பிடிச்சுத் தரணும். அதையும் கொத்திடுங்க! 'ஓடிப்போகும் முக்குளிப்பானைப் பிடித்துக் கொடுக்க வேண்டும்'னு."

சறுக்கன் முகத்தைச் சுளித்தான். "சீச்சீ! அந்தப் பேரை இந்த மரத்துல பார்க்க எனக்கு வெக்கமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார் மெத்தனார். "நாளைக்கு நம்ம பிள்ளைங்க பார்த்து என்ன நினைக்கும்?"

பெயருக்குத்தான் வெட்கப்பட்டார்கள். செய்யப்போவதற்கு யாரும் வெட்கப்படவில்லை.

"மாட்டேன்னா நாங்க சேரலை!" என்றார் தொங்கலார்.

எல்லாரும் தச்சியைப் பார்த்தார்கள். அவள் ஒரு பகல் முழுக்க யோசித்தாள். கிளைக்குக் கிளை தாவி, வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டாள். பொழுது சாயும் நேரம் அது வந்தது:

'ஒரு குளத்தில் பணிக்குக் கட்டுப்பட்ட உயிர் மறு குளத்துக்குப் போனால், கேட்டவுடன் ஒப்படைக்கப்பட வேண்டும்.'

"அடடா!" என்றான் சறுக்கன். "பேரே இல்லை! கேட்கிறதுக்கு எவ்வளவு கௌரவமா இருக்கு!"

"யார் மனசும் புண்படலை" என்றார் மெத்தனார்.

"எனக்கு வேண்டியதும் இருக்கு" என்றார் தொங்கலார்.

தச்சி அதைக் கொத்தினாள். அன்று அவள் கொத்தியதில் ஒரு மரச்சிம்புகூடத் தெறிக்கவில்லை. தன் அலகைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பெருமையாக இருந்த நாள் வேறில்லை. பிற்காலத்தில் அவள் மிகவும் கூசியது அந்தப் பெருமையை நினைத்துத்தான்.

மூன்று கோடை வந்து போயின. ஓடை ஒரு நாளும் நிற்கவில்லை. பள்ளக்குளத்தில் மீன் குஞ்சுகள் மின்னின. நரி வந்தபோது மேட்டுக்குளத்தார் கூவினார்கள். கீழே தவளைகள் தப்பித்தன. "மருதமரத்துச் சட்டம்" என்று காடே பேசியது. தச்சி போகும் இடமெல்லாம் புழு கொடுத்து உபசரித்தார்கள்.

நான்காம் வருஷம் ஐப்பசி மழையில் ஓடை இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. அந்தக் கலங்கல் தண்ணீரில், ஓட்டத்தை எதிர்த்து, மூழ்கி மூழ்கி, ஒரு முக்குளிப்பான் மேட்டுக்குளத்துக்கு வந்து சேர்ந்தாள். குமிழிதான். வயிற்றில் முட்டை இருந்தது. அதை நாணல் நடுவே காவலில் இட அவளுக்கு மனமில்லை.

"வாம்மா வா!" என்றான் சறுக்கன். "இங்கே யாரும் யாருக்காகவும் முங்க வேண்டாம். உன் பசிக்கு முங்கு, போதும்!"

குமிழி பாசியும் சருகும் சேர்த்து மிதக்கும் கூடு ஒன்று கட்டினாள். ஒரே ஒரு குஞ்சு பொரித்தது. உடம்பெல்லாம் கோடு போட்ட குஞ்சு. அது அம்மாவின் முதுகில் ஏறி, இறகுக்குள் புகுந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஊர் சுற்றியது.

ஒரு நாள் தச்சி அந்தப் பக்கம் பறந்தபோது குமிழியைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா! என் பிள்ளையைப் பார்த்தீங்களா!" என்று குமிழி கூப்பிட்டாள்.

தச்சி காது கேட்காதவள் போலப் பறந்துபோனாள். பார்த்தால் பார்த்ததாகிவிடுமே என்று பயம்.

பங்குனி பிறந்தது. தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அப்போது தொங்கலார் நான்கு இளம் கூழைக்கடாக்களோடு மேட்டுக்குளத்தில் வந்து இறங்கினார். பொதுச்சபைக்கும் சொல்லி அனுப்பியிருந்ததால் மெத்தனாரும் ஊர்ந்து வந்திருந்தார். தச்சியையும் வரவழைத்தார்கள்.

"எங்க உயிர் ஒண்ணு இங்கே இருக்கு. ஒப்படைங்க!" என்றார் தொங்கலார்.

"என் குளத்துக்குள்ள நடக்கிறது என் குளத்துப் பாடு!" என்றான் சறுக்கன்.

"அது கொத்தாததுக்கு! இது மரத்துல கொத்தியிருக்குய்யா!"

சறுக்கன் கண்ணைச் சிமிட்டினான். "கொத்தியிருக்கா? முக்குளிப்பான்னு அந்த மரத்துல எங்கே கொத்தியிருக்கு? காட்டுங்க பார்ப்போம்! மேலேயிருந்து கீழே வரைக்கும் தேடுங்க! இந்தம்மா பணிக்குக் கட்டுப்பட்டவங்க இல்லை. இவங்க என் விருந்தாளி!"

நீர்நாய்கள் ஆரவாரம் செய்தன. தொங்கலார் திகைத்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பினார்.

"கொத்தினவளே சொல்லட்டும். தச்சி, 'பணிக்குக் கட்டுப்பட்ட உயிர்'னு நீ யாரை நினைச்சுக் கொத்தினே?"

எல்லாக் கண்களும் தச்சியின் மேல். குமிழியின் கண்ணும்.

பெயர் அங்கே இல்லை. தச்சி என்ன சொன்னாலும் அதுதான் சட்டம். 'நான் யாரையும் நினைத்துக் கொத்தவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்லைன்னு சொல்லிப் பாரு!" என்றார் தொங்கலார். "இப்பவே நாங்க சட்டத்தை விட்டு வெளியே. நாளைக்குச் சாயங்காலம் ஓடை அடைச்சிருக்கும்."

மெத்தனார் தச்சி உட்கார்ந்திருந்த மரத்தடிக்கு ஊர்ந்து வந்தார். குரலைத் தாழ்த்தினார். "தச்சியம்மா, என் குளத்துல இப்பவே முதுகு நனையத்தான் தண்ணி இருக்கு. இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. அந்த வருஷத்தை நீயும் பார்த்தவதானே?"

பார்த்தவள்தான். கேட்டவளும்தான்.

"முக்குளிப்பானைத்தான்" என்றாள் தச்சி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பலமா!"

"முக்குளிப்பானைத்தான் நினைச்சுக் கொத்தினேன்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சட்டப்படி நடந்தது. ஒப்படைக்க வேண்டியது மேட்டுக்குளம். எனவே மேட்டுக்குளத்தாரே பிடிக்க வேண்டும். இரண்டு நீர்நாய்கள் தண்ணீரில் இறங்கின. குமிழி குஞ்சோடு மூழ்கினாள். குஞ்சுக்கு மூச்சு நீளாது. அதனால் அவள் சீக்கிரம் மேலே வர வேண்டியிருந்தது. மூன்றாவது முறை வந்தபோது பிடித்துவிட்டார்கள். பிடித்தவர்கள் அழுத்திப் பிடிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவுமில்லை.

"குஞ்சையும் கொண்டு வாங்க!" என்றார் தொங்கலார்.

தச்சி சட்டென்று கத்தினாள். "குஞ்சு பத்தி மரத்துல ஒண்ணும் இல்லை! அது ஒரு குளத்துலேர்ந்து மறு குளத்துக்குப் போகலை. இங்கேயே பொரிச்சது. கொத்தாதது அந்தந்தக் குளத்துக்கே!"

"ஆமாம்!" என்றான் சறுக்கன். கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறவன் குரல் அது. "குஞ்சு எங்க குளத்தது. எங்களோடதான் இருக்கும்!"

தொங்கலார் யோசித்தார். குஞ்சு மீன் பிடிக்க ஒரு வருஷம் ஆகும். "வச்சுக்குங்க" என்றார்.

ஏதோ ஒன்றையாவது காப்பாற்றிவிட்டோம் என்று தச்சிக்குத் தோன்றியது. அவள் குமிழியைப் பார்த்தாள். ஒரு நன்றிப் பார்வையை அவள் எதிர்பார்த்தாள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

குமிழி முதுகைச் சிலிர்த்துக் குஞ்சை இறக்கிவிட்டாள். அது விளையாட்டென்று நினைத்து நீந்தி வந்து மறுபடியும் ஏறியது. மறுபடியும் இறக்கினாள். மறுபடியும் ஏறியது. கடைசியில் சறுக்கன் அதை வாயால் மெல்லக் கவ்வித் தூக்கிக்கொண்டான்.

"அக்கா" என்றாள் குமிழி. "உங்க அலகு என் பேரைக் கொத்தவே இல்லையே. பிறகு எப்படி அது என்னைப் பிடிச்சது?"

தச்சி அலகை மார்பு இறகுக்குள் புதைத்துக்கொண்டாள்.

"பேரைக் கொத்தியிருந்தா, படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் வெக்கமாவது வந்திருக்கும். அந்தச் சிரமம்கூட அவங்களுக்கு இல்லாமப் பண்ணிட்டீங்க."

கூழைக்கடாக்கள் அவளை ஓடைவழியே கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது தொங்கலார் திரும்பி, "நியாயம் தவறாத அலகு!" என்று தச்சியைப் புகழ்ந்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிறகு மேட்டுக்குளத்தின் ஈரக் கரையில் யாரும் சறுக்கவில்லை. நாணற்குளத்தில் நடந்தவரைக்கும் அது அவர்கள் பாடு என்றிருந்தவர்கள், தங்கள் வாயாலேயே பிடித்துக் கொடுத்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

தச்சி மருதமரத்துக்குப் போனாள். யாரையும் கேட்காமல் அந்த வரிக்குக் கீழே கொத்தத் தொடங்கினாள். 'முக்குளிப்பானும்' என்று தொடங்கியபோது அடியிலிருந்து மெத்தனாரின் குரல் கேட்டது.

"என்ன கொத்துறே?"

"திருத்துறேன்."

"ரெண்டு குளம் சம்மதிச்சாத்தான் அது சட்டம். நீயா கொத்தினா அது புழு தேடின ஓட்டைதான், தச்சியம்மா."

அவர் சொன்னது சரி. அந்த விதியையும் கொத்தியது அவள்தான்.

மேட்டுக்குளம் அன்றே சம்மதித்தது. பள்ளக்குளம் சம்மதிக்கவில்லை. "இந்தக் கோடை போகட்டும்" என்றார் மெத்தனார். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வருஷமும். தச்சி ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். அவர் பயம் அவள் பயமும்தானே! அதனால் வற்புறுத்த வாய் வரவில்லை.

ஏழாம் வருஷம் அவள் மெத்தனாரிடம் போகவில்லை. பள்ளக்குளத்தின் கரையில், எல்லாரும் வெயில் காயும் நேரத்தில், நடுவில் போய் உட்கார்ந்தாள்.

"உங்க தண்ணிக்காக ஒரு தாயையும் பிள்ளையையும் பிரிச்சுக் குடுத்தேன்" என்றாள். "நீங்க யாரும் என்னை அப்படிப் பண்ணச் சொல்லலை. நானும் உங்களைக் கேக்கலை. உங்க காதுல உறுத்தக் கூடாதுன்னு நல்ல வார்த்தையாப் பார்த்துப் போட்டேன். அந்த வார்த்தைக்கு அர்த்தம் குமிழி. இது உங்களுக்குத் தெரியணும்."

ஓர் இளம் ஆமைதான் கேட்டது. "அன்னைக்கே எங்ககிட்டே ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?" என்றார் மெத்தனார்.

இளம் ஆமை கீழே தண்ணீரைப் பார்த்தது. "தெரியலை" என்றது.

ஆனால் அந்தக் கேள்வி குளத்தைவிட்டுப் போகவில்லை. இன்னும் இரண்டு வருஷம் அதைப் பற்றியே சண்டை போட்டார்கள். ஒன்பதாம் வருஷம், மெத்தனார் தலையை ஓட்டுக்குள் வைத்தபடியே, "சரி" என்றார்.

இரண்டு குளம் சம்மதித்தாயிற்று. தச்சி கொத்தினாள். 'முக்குளிப்பான் யாருடைய பணிக்கும் கட்டுப்பட்ட உயிர் அல்ல. அவர்கள் கூடு அவர்களுடையது. சபையில் அவர்கள் தலைக்கு இடமும் உண்டு, வாயும் உண்டு.' இந்த முறை அழகு பார்க்கவில்லை. சிம்பு சிம்பாகத் தெறித்தது.

பொதுச்சட்டத்தை நிறைவேற்ற நீர்நாய்கள் நாணற்குளத்துக்குப் போய்க் கூடுகளைச் சுற்றியிருந்த காவலை விலக்கினார்கள்.

தொங்கலாருக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "நாங்க வெளியே! இந்தக் கணத்துலேர்ந்து வெளியே! ஓடையை அடைங்கடா!" என்று கத்தினார்.

கூழைக்கடாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதைக் கொண்டு அடைக்கிறது?" என்று ஓர் இளம் கூழைக்கடா கேட்டது. ஓடை வாயை அடைக்கும் களிமண் குளத்தின் அடியில்தான் இருக்கிறது. அங்கே மூழ்கிப் போக அவர்களால் முடியாது. சட்டத்துக்கு முந்தின கோடைகளிலெல்லாம் அதை அள்ளி வந்து அடைத்தது முக்குளிப்பான்கள். பள்ளக்குளம் காய்ந்த அந்த வருஷமும் அடைத்தது அவர்கள்தான். கூட்டில் குஞ்சுகளைப் பிடித்துவைத்துக்கொண்டு கூழைக்கடாக்கள் அடைக்கச் சொன்னார்கள், அவர்கள் அடைத்தார்கள்.

முந்நூறு முக்குளிப்பான்களும் தண்ணீரின் மேல் மிதந்தபடி தொங்கலாரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட மூழ்கவில்லை. ஓடை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தச்சி கரைக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். எந்தப் பயத்துக்காக அவள் இத்தனையும் செய்தாளோ, அந்தப் பயத்தில் ஒரு பிடி சேறுகூட இல்லை. முதல் நாளே முக்குளிப்பான்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அடைப்பது தாங்கள்தான் என்று சொல்லியிருப்பார்கள். 'இன்னொண்ணும்' என்று அதைச் சொல்லத்தான் ஒருத்தி வாயில் மீனோடு வந்து நின்றாள்.

பெரிய தலை உள்ள முக்குளிப்பான் ஒருவன் பக்கத்தில் நீந்தி வந்தான்.

"நீ குமிழியோட அக்கா மகன்தானே?" என்றாள் தச்சி. "அவளைக் கூப்பிடு. அவள் பேரைக் கொத்தியிருக்கேன்னு சொல்லணும். வேற சிலதும் சொல்லணும்."

"சித்தி போன மாசி மாசம் போயிட்டாங்க" என்றான் அவன். "அடியில மீன் தேடப் போனாங்க. மேலே வரலை."

பிறர் வாயை அடைத்துக் கட்டிய ஒற்றுமையைப் பின்னால் திருத்திவிடலாம். ஆனால் அடைபட்ட வாய் நாம் மன்னிப்புக் கேட்கும்வரை காத்திருக்காது.